நந்தி மலையிலிருந்து கல்லட்டி வரை: மலைப் போட்டிக்கு ஆயத்தமாகும் பெங்களூர்ச் சைக்கிள்காரருக்கு

ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் நந்தி மலை அடிவாரத்தில் சிறிது நேரம் நின்று பார்த்தால், மலையேற வரும் சைக்கிள்காரர்களை இரண்டு வகையாகப் பிரித்துவிடலாம். முதல் வளைவில் நம்மை வேகமாகக் கடந்து செல்பவர்கள் ஒரு வகை. கடைசி வளைவில் கடந்து செல்பவர்கள் மற்றொரு வகை. இரண்டு இடங்களிலும் ஒருவரே கடந்து செல்வது மிக அபூர்வம். என் முதல் நந்தி ஏற்றத்தில் நான் முதல் வகையாக இருந்தேன். நான்காவது கிலோமீட்டரில் பாறையோரமாகச் சைக்கிளைச் சாய்த்துவிட்டு, முழங்கால்களில் கைகளை ஊன்றிக்கொண்டு மூச்சு வாங்கினேன். அப்போது ஒரு பொதுத்துறைத் தொழிற்சாலையில் வேலைபார்த்து ஓய்வுபெற்ற பெரியவர் ஒருவர், பழைய இரும்புச் சட்டச் சைக்கிளில் என்னருகே வந்து வேகத்தைக் குறைத்து, "என்ன தம்பி, பேச முடியுதா?" என்று கேட்டார். எனக்குத் தலையை அசைக்க மட்டுமே முடிந்தது. "பேச முடியாத வேகத்துல மலையத் தொடங்கக் கூடாதுப்பா" என்று சொல்லிவிட்டு அவர் மேலே போய்விட்டார். பிற்பாடு நான் படித்த பயிற்சி நூல்களெல்லாம் இந்த ஒரு வரியைத்தான் எண்களாலும் வரைபடங்களாலும் விளக்கின.

மலைப் போட்டிக்கும் சமவெளிப் போட்டிக்கும் உள்ள வேறுபாட்டை முதலில் தெளிவாகப் புரிந்துகொள்ள வேண்டும். தேவனஹள்ளிச் சாலையில் ஒரு குழுவின் பின்னால் நெருங்கி ஓட்டினால், முன்னே செல்பவர் காற்றைக் கிழித்துக் கொடுப்பதால் நம் உழைப்பில் ஏறத்தாழ கால் பங்கு மிச்சமாகும். மலையில் மணிக்கு 12 அல்லது 14 கிலோமீட்டர் வேகத்தில் ஏறும்போது காற்றுத்தடை மிகச் சிறியது. நம்மை இழுத்துப் பிடிப்பது புவியீர்ப்புதான். ஆகவே அங்கே இன்னொருவரின் முதுகுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு கிடைக்கும் பயன் சொற்பம். இன்னொருவரின் வேகத்தைக் கடன் வாங்கினால் அந்தக் கடனை அடுத்த இரண்டு வளைவுகளுக்குள் வட்டியோடு கட்ட வேண்டியிருக்கும்.

முதற்படி: பல்சக்கரங்களை எண்ணுதல்

பயிற்சியைத் தொடங்கும் முன் உங்கள் சைக்கிளின் மிக இலகுவான கியர் எது என்று பாருங்கள். முன்பக்கத்தில் உள்ள சிறிய சக்கரத்தின் பற்களையும், பின்பக்கக் கேசட்டில் (பல்சக்கர அடுக்கில்) உள்ள மிகப் பெரிய சக்கரத்தின் பற்களையும் எண்ணுங்கள். இப்போது விற்கப்படும் சாலை சைக்கிள்கள் பலவற்றில் முன்னால் 34 பற்கள் இருக்கும்; பின்னால் 28 முதல் 34 வரை இருக்கலாம். இந்தச் சிறிய வேறுபாடு மலையில் என்ன செய்யும் என்பதைக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம்.

சாலை சைக்கிள் சக்கரத்தின் சுற்றளவு ஏறத்தாழ 2.1 மீட்டர். 34-க்கு 28 என்ற கியரில் ஒரு முறை மிதியைச் சுற்றினால் வண்டி ஏறத்தாழ 2.55 மீட்டர் நகரும். நிமிடத்துக்கு 60 சுற்று என்ற மிக மந்தமான மிதிப்பிலேயே மணிக்கு 9 கிலோமீட்டருக்குச் சற்று மேலான வேகம் வந்துவிடும். ஆளும் வண்டியும் தண்ணீரும் சேர்ந்து 80 கிலோ என்று வைத்துக்கொண்டால், 9 விழுக்காடு சரிவில் அந்த வேகத்தைத் தக்கவைக்க ஏறத்தாழ 190 வாட் ஆற்றல் தேவைப்படும். 34-க்கு 34 என்ற கியர் இருந்தால், அதே 60 சுற்றுக்கு 160 வாட்டுக்குள் போதும். முதல் ஆண்டில் ஒரு மணி நேரம் தாக்குப்பிடிக்க எனக்கிருந்த ஆற்றல் 170 வாட்டை ஒட்டியது. அதாவது 34-க்கு 28 கியரில் நான் தோற்பது ஏறத் தொடங்கும் முன்பே உறுதியாகிவிட்டது. 34-க்கு 34 கியரில் பிழைத்திருக்க வாய்ப்பு இருந்தது. பெரிய கேசட் வைத்துக்கொள்வதைக் கௌரவக் குறைவாகக் கருதும் நண்பர்கள் எல்லாக் குழுவிலும் இருப்பார்கள். அவர்களுடைய முழங்கால்களை அவர்களிடமே விட்டுவிடுங்கள். கேசட்டை மாற்றும் முன், செயினைப் பல்சக்கரம் மாற்றும் பின்பக்க டிரெய்லியர் அத்தனை பற்களை ஏற்குமா என்றும், செயின் நீளம் போதுமா என்றும் மெக்கானிக்கிடம் கேட்டுக்கொள்வது அவசியம்.

எடை குறைந்த சக்கரங்களுக்காகப் பெருந்தொகை செலவிட நினைப்பவர்களுக்கும் ஒரு கணக்கு உண்டு. மொத்தம் 80 கிலோவில் ஒரு கிலோவைக் குறைத்தால், அரை மணி நேர ஏற்றத்தில் கிடைக்கும் இலாபம் ஏறத்தாழ 20 நொடி. போட்டியில் முதல் மூன்று இடங்களுக்குள் வருபவருக்கு அது பெரிய தொகை; நம்மைப் போன்றவர்களுக்கு அடிவாரத்திலேயே மூத்திரம் பெய்துவிட்டு, இரண்டாவது தண்ணீர்ப் புட்டியைக் காரில் விட்டுவிட்டு ஏறினாலே அதில் பெரும்பகுதி செலவின்றிக் கிடைத்துவிடும்.

இருக்கையின் உயரத்தைப் பற்றி ஒன்று மட்டும் சொல்கிறேன். குதிகாலை மிதியின் மேல் வைத்து, மிதி அடிப்புள்ளியில் இருக்கும்போது கால் நேராக நீள வேண்டும். முழங்காலின் முன்புறம் வலித்தால் பெரும்பாலும் இருக்கை தாழ்வாக இருக்கிறது என்று பொருள்.

இரண்டாம் படி: பன்னிரண்டு வாரங்கள்

வாரத்தில் ஆறு முதல் எட்டு மணி நேரம் ஒதுக்க முடிந்தால், அலுவலகம் செல்லும் ஒருவர் பன்னிரண்டு வாரங்களில் மலைப் போட்டிக்குத் தயாராகிவிடலாம். மூன்று வாரங்கள் படிப்படியாகப் பளுவைக் கூட்டி, நான்காவது வாரத்தில் பாதியாகக் குறைப்பதே நான் பின்பற்றும் முறை. ஓய்வு வாரத்தைத் தவிர்த்தவர்கள் யாரும் பன்னிரண்டாவது வாரத்தில் வலுவாக இருந்து நான் பார்த்ததில்லை.

முதல் நான்கு வாரங்களில் வேகத்தைப் பற்றிய எண்ணமே கூடாது. வார நாட்களில் இரண்டு முறை ஒரு மணி நேரமும், ஞாயிறன்று மூன்று மணி நேரமும், முழு வாக்கியமாகப் பேச முடிகிற வேகத்தில் ஓட்டுங்கள். அல்சூரில் வசிக்கும் நான் காலை ஐந்து மணிக்குக் கிளம்பி ஹென்னூர்–பாகலூர் சாலையில் ஓட்டிவிட்டு, ஏழரை மணிக்குள் வீடு திரும்பிவிடுவேன். அதற்குப் பிறகு இந்த நகரத்தின் சாலைகளில் பயிற்சி என்ற சொல்லுக்கே இடமில்லை. முன்விளக்கும் பின்விளக்கும் எரியாமல் அந்த நேரத்தில் வெளியே இறங்கக் கூடாது.

நான்காவது வாரத்தின் முடிவில் ஒரு சோதனை வைத்துக்கொள்ளுங்கள். உடம்பை நன்றாகச் சூடேற்றிய பிறகு, இருபது நிமிடம் முழு முயற்சியுடன் ஒரே சீராக ஓட்ட வேண்டும். மிதிக்கும் ஆற்றலை வாட்டில் காட்டும் பவர் மீட்டர் இருந்தால், அந்த இருபது நிமிடச் சராசரியில் 95 விழுக்காட்டை உங்கள் வரம்பு ஆற்றலாக, அதாவது ஏறத்தாழ ஒரு மணி நேரம் தாக்குப்பிடிக்கும் ஆற்றலாக, எடுத்துக்கொள்ளலாம். பவர் மீட்டர் இல்லாதவர்கள் இதயத் துடிப்பை அளக்கும் மார்புப் பட்டை அணிந்து, முப்பது நிமிடம் தனியாக முழு முயற்சியுடன் ஓட்டி, கடைசி இருபது நிமிடங்களின் சராசரி இதயத் துடிப்பைக் குறித்துக்கொள்ளலாம். இந்த எண்தான் மலையில் உங்கள் சிவப்புக் கோடு. அதற்குக் கீழே நெடுநேரம் ஏறலாம். அதைத் தாண்டிச் செலவிடும் ஒவ்வொரு நிமிடமும் கையிருப்பிலிருந்து போகிறது.

ஐந்தாம் வாரத்திலிருந்து செவ்வாய்க்கிழமைகளில் பத்து நிமிட முயற்சிகள் மூன்று, இடையிடையே ஐந்து நிமிட ஓய்வு என்று தொடங்கி, எட்டாவது வாரத்துக்குள் இருபது நிமிட முயற்சிகள் இரண்டு என்ற நிலைக்கு வர வேண்டும். இவை வரம்பு ஆற்றலில் 90 முதல் 95 விழுக்காட்டில் இருந்தால் போதும். இருபது நிமிடம் இடையூறின்றி ஓட்டுவதற்கான சாலை பெங்களூருக்குள் கிடைப்பது கடினம் என்பதால், நான் இதை வீட்டு மொட்டை மாடியில், சைக்கிளை நிறுத்திவைத்து மிதிக்க உதவும் டிரெய்னரில் செய்கிறேன். அது சலிப்பான வேலைதான், ஆனால் மலையேற்றமும் சலிப்பைத் தாங்கும் கலையாகவே இருக்கிறது. வியாழக்கிழமைகளில், சற்றுக் கனமான கியரில், நிமிடத்துக்கு 55 முதல் 60 சுற்றில், இருக்கையைவிட்டு எழாமல் ஐந்து நிமிடங்கள் நான்கு முறை மிதியுங்கள். செங்குத்தான வளைவுகளில் கியர் தீர்ந்துபோனதும் கால்கள் எந்த வேகத்தில் சுழலுமோ, அதே வேகத்தில் அவற்றைப் பழக்குவதே இதன் நோக்கம். முழங்கால் வலி உள்ளவர்கள் இதைத் தவிர்த்துவிடலாம்.

மூன்றாம் படி: நந்தி மலையைப் படித்தல்

பெங்களூர் ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. நந்தி மலையுச்சி 1,478 மீட்டர். நகரின் மையத்திலிருந்து மலையுச்சி ஏறத்தாழ 60 கிலோமீட்டர் தொலைவு. ஏற்றம் மட்டும் ஏழு முதல் எட்டு கிலோமீட்டருக்குள் முடிந்துவிடும். சராசரிச் சரிவு ஐந்தாறு விழுக்காடு. தென்பெண்ணையும் பாலாறும் தோன்றுவது இந்த மலைத்தொகுதியிலிருந்துதான் என்பதால், தமிழ்நாட்டுக்காரருக்கு இது முற்றிலும் அந்நியமான மலை அன்று. ஹெப்பாள், எலஹங்கா, தேவனஹள்ளி வழியாகச் செல்லும் பல்லாரிச் சாலையில் மேம்பாலங்களைத் தவிர்த்து, சர்வீஸ் சாலை இருக்கும் இடங்களில் அதிலேயே செல்லுங்கள். விமான நிலைய டாக்சிகளின் வேகத்தை விரும்பாதவர்கள் ராஜானுகுண்டே, தொட்டபள்ளாபூர் வழியாகச் சுற்றிக்கொண்டு போகலாம். வார இறுதிகளில் மலைச்சாலையில் வாகனக் கட்டுப்பாடுகள் விதிக்கப்படுவதுண்டு. அடிவாரச் சாவடி திறக்கும் நேரத்தை முந்தைய நாளே விசாரித்துக்கொள்ளுங்கள்.

சராசரிச் சரிவு என்ற எண்ணை நம்பி ஏறியவர்களைத்தான் நந்தி மலை தண்டிக்கிறது. தொடக்கம் மிதமாக இருக்கும். இடையில் சில இடங்களில் சாலை ஏறக்குறைய சமமாகி மூச்சுவிட இடம் கொடுக்கும். கடைசி ஒன்றரை இரண்டு கிலோமீட்டரில் சரிவு சட்டென்று நிமிர்ந்துவிடும். ஐந்தாறு என்ற சராசரி, இந்த மூன்றையும் ஒரே அண்டாவில் கலந்து கிடைத்த எண். ஆகவே முதல் ஏற்றத்தில் கடிகாரத்தைப் பார்க்காதீர்கள். எங்கே சமமாகிறது, எந்த வளைவின் உட்புறம் செங்குத்தாக இருக்கிறது, எந்த மரத்தடியில் ஈரம் தேங்குகிறது என்பவற்றைக் கவனித்துக்கொண்டே ஏறுங்கள். வளைவின் உட்பக்கம் குறுகியதாக இருந்தாலும் சரிவு அதிகம். போக்குவரத்து இல்லாதபோது, நம் பக்கத்துச் சாலைக்குள்ளாகவே சற்று வெளிப்பக்கமாகச் சென்றால் மிதிப்பின் சீர் குலையாது.

இரண்டாவது வருகையில் ஏற்றத்தை மூன்று பங்காகப் பிரித்துக்கொள்ளுங்கள். முதல் பங்கில் வரம்பு ஆற்றலில் 90 விழுக்காட்டைத் தாண்டாதீர்கள். இதயத் துடிப்பை மட்டும் பார்ப்பவர்கள், அது தாமதமாகவே உயரும் என்பதை மறக்காமல், மூச்சைக் கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள். நான்கைந்து சொற்களாவது தொடர்ந்து பேச முடிய வேண்டும். இரண்டாம் பங்கில் வரம்பை ஒட்டிச் செல்லுங்கள். மூன்றாவது பங்கு உங்களுடையது. அங்கே கையிருப்பு முழுவதையும் செலவிடலாம். எல்லாரும் உங்களைத் தாண்டிச் செல்லும் முதல் பத்து நிமிடங்கள் பெரிய மனச்சோதனை. என் நந்தி நேரம் 38 நிமிடத்திலிருந்து 31-ஆகக் குறைந்ததில், கால்கள் வலுத்ததற்கு உள்ள பங்கைவிட, அந்தப் பத்து நிமிடங்களில் வாயை மூடிக்கொண்டிருக்கப் பழகியதற்கு உள்ள பங்கே அதிகம் என்று நினைக்கிறேன். தேவனஹள்ளிக்கு அருகே உள்ள ஆவதிக் குன்று குட்டையானது, ஆனால் செங்குத்தானது. நந்திக்குப் போக நேரமில்லாத வாரங்களில் அதிலேயே நான்கைந்து முறை ஏறி இறங்கலாம்.

மலையுச்சியில் குரங்குகள் உண்டு. சட்டைப்பையில் வாழைப்பழத்தை வைத்துக்கொண்டு அங்கே அசட்டையாக நிற்காதீர்கள்.

நான்காம் படி: உணவு

கடுமையாக ஓட்டினால், உடலில் சேமித்துள்ள மாவுச்சத்து ஒன்றரை முதல் இரண்டு மணி நேரத்தில் பெரும்பாலும் தீர்ந்துவிடும். அல்சூரிலிருந்து நந்திக்குச் சைக்கிளிலேயே போகிறவர் அடிவாரத்தை அடையும்போதே இரண்டு மணி நேரம் கடந்திருக்கும் என்பதை எண்ணிப் பாருங்கள். கிளம்பிய அரை மணியிலிருந்தே, மணிக்கு ஏறத்தாழ 60 கிராம் மாவுச்சத்து உள்ளே போக வேண்டும். கடைகளில் விற்கும் மாவுச்சத்து ஜெல்கள் வசதியானவை, ஆனால் கட்டாயமில்லை. ஏலக்கி வாழைப்பழம் இரண்டு, பேரீச்சை நான்கைந்து, வீட்டில் கரைத்த சர்க்கரை, உப்பு, எலுமிச்சை கலந்த தண்ணீர் ஒரு புட்டி என்று நான் சமாளிக்கிறேன். கடலை மிட்டாய் சுவையானது. ஆனால் ஏறும்போது மூச்சுக்கும் மெல்லுதலுக்கும் சண்டை மூட்டும். அதைச் சமவெளிக்கு வைத்துக்கொள்ளுங்கள். பயிற்சியில் சாப்பிட்டுப் பார்க்காத எதையும் போட்டியன்று வாயில் வைக்கக் கூடாது. ஒரு போட்டியில் பக்கத்தில் நின்றவர் அன்போடு கொடுத்த புதிய ஜெல்லை வாங்கி விழுங்கிவிட்டு, ஏற்றத்தின் நடுவில் புதரைத் தேடிய அனுபவம் எனக்கு உண்டு.

ஐந்தாம் படி: இறங்குதல்

ஏறப் பழகுகிறவர்கள் இறங்கப் பழகுவதில்லை. நான் அறிந்தவரை நந்தியில் காயம்பட்டவர்கள் அனைவரும் இறக்கத்தில்தான் விழுந்தார்கள்.

கைகளை ஹேண்டில்பாரின் வளைந்த கீழ்ப்பகுதியில் வைத்துக்கொள்ளுங்கள். அங்கிருந்துதான் பிரேக்கை முழு வலிமையுடன் பிடிக்க முடியும், உடலின் எடையும் தாழ்ந்து நிற்கும். வேகத்தைக் குறைக்கும் வேலை முழுவதும் வளைவுக்கு முன், வண்டி நிமிர்ந்திருக்கும்போதே முடிந்துவிட வேண்டும். வளைவுக்குள் சாய்ந்த பிறகு பிரேக்கை அழுத்தினால், திரும்புவதற்கும் நிற்பதற்கும் ஒரே டயரிடம் பிடிமானம் கேட்கிறீர்கள். வளையும் திசையில் உள்ள மிதி மேலேயும், வெளிப்பக்க மிதி கீழேயும் இருக்கட்டும்; உடலின் எடை அந்த வெளிப்பக்கக் காலில் இறங்கட்டும். பள்ளத்தையோ தடுப்புச் சுவரையோ பார்க்காமல், வளைவிலிருந்து வெளியேற வேண்டிய இடத்தைப் பாருங்கள். கண் போகும் இடத்துக்கே வண்டியும் போகும்.

சக்கர விளிம்பைப் பிடித்து நிறுத்தும் ரிம் பிரேக் உள்ளவர்கள், வழி நெடுகப் பிரேக்கைத் தேய்த்துக்கொண்டே இறங்கக் கூடாது. ரிம் சூடாகி, டியூபில் உள்ள காற்று விரிந்து, டயர் வெடிக்க வாய்ப்புண்டு. அழுத்திப் பிடித்து வேகத்தைக் குறைத்து, பிறகு முழுவதுமாக விட்டு, மீண்டும் பிடிக்க வேண்டும். டயரில் காற்றைக் கல்போல நிரப்புவதும் தவறு. 70 கிலோ எடையுள்ளவர் 28 மில்லிமீட்டர் டயரில் காற்றழுத்தத்தை 70 பிஎஸ்ஐ அளவில் வைத்தால் பிடிமானமும் சுகமும் கிடைக்கும். மார்கழிக் காலையில் வியர்வையோடு இறங்கும்போது விரல்கள் விறைத்துப் பிரேக்கே பிடிக்க வராது. மெல்லிய காற்றுத்தடுப்புச் சட்டை ஒன்றைப் பையில் வைத்திருங்கள். அது இல்லாத நாளில், உச்சியில் ஒரு நாளிதழை வாங்கி மார்புக்கும் சட்டைக்கும் இடையில் செருகிக்கொள்வது பழைய சைக்கிள்காரர்களின் வழி.

ஆறாம் படி: போட்டி

முதல் போட்டியாக ஒருவர் பின் ஒருவராகக் குறித்த இடைவெளியில் அனுப்பப்படும் தனிநபர் மலையேற்றத்தைத் தேர்ந்தெடுங்கள். கூட்டத்தில் இடிபடும் பயம் இல்லை. உங்கள் எதிரி உங்கள் கடிகாரம் மட்டுமே. கூட்டமாகப் புறப்படும் போட்டிக்குப் போவதற்கு முன், குழுவில் ஒரு கைப்பிடித் தூரத்தில் நேராக ஓட்டவும், பள்ளத்தைக் கையால் சுட்டவும் பழகியிருக்க வேண்டும். விஜயபுரா, பாகல்கோட் பக்கத்திலிருந்து வரும் இளைஞர்கள் வரிசையில் நிற்பதைப் பார்த்தால் கலங்க வேண்டாம். வட கர்நாடகத்தின் அந்த மாவட்டங்களில் சைக்கிள் பந்தயம் நீண்ட மரபு உடையது. அவர்களைத் தொடர்ந்து செல்ல முயலாதீர்கள் என்பது மட்டுமே என் வேண்டுகோள். பெரும்பாலான போட்டிகளில் சாலை முழுவதும் மூடப்படுவதில்லை, மையக்கோட்டைத் தாண்டாதீர்கள். போட்டி வாரத்தில் பயிற்சியைப் பாதி அளவுக்கும் கீழே குறைத்து, முந்தைய நாள் அரை மணி நேரம் மட்டும் கால்களைச் சுழற்றுங்கள். ஏற்றம் குட்டையாக இருந்தால் சூடேற்றல் நீளமாக இருக்க வேண்டும். நந்தி அளவுள்ள ஏற்றத்துக்கு நான் முப்பது நிமிடம் எடுத்துக்கொள்கிறேன்.

நந்திக்குப் பிறகு

அடுத்த மலையாக ஏலகிரியைச் சொல்வேன். தமிழ்ப் புலவர்கள், வள்ளல்கள் ஆகியோரின் பெயர்களைத் தாங்கிய 14 கொண்டை ஊசி வளைவுகள் அங்கே உண்டு. ஜோலார்பேட்டை வரை ரயிலில் போய்விடலாம். சேலத்திலிருந்து ஏற்காடு ஏறும் சாலையில் 20 வளைவுகள். நீளம் கூடுதல், சரிவு நிதானமானது. கொல்லிமலையின் 70 வளைவுகளில் இருக்கும் துன்பம் ஏறும்போது அவ்வளவாகத் தெரியாது. எழுபதிலும் பிரேக் பிடித்து இறங்கி முடிக்கும்போது மணிக்கட்டுகள் சொல்லும்.

மசினகுடியிலிருந்து தலைக்குந்தா வழியாக ஊட்டிக்குச் செல்லும் கல்லட்டிச் சாலை வேறு இனம். 36 கொண்டை ஊசி வளைவுகளுக்கும் எண் எழுதிய பலகைகள் உண்டு. ஊட்டி ஏறத்தாழ 2,240 மீட்டர் உயரத்தில் இருப்பதால், மேலே போகப் போகக் காற்று மெலிந்து, அடிவாரத்தில் எளிதாகக் கிடைத்த ஆற்றல் அங்கே கிடைக்காது. 2008-இல் தொடங்கிய டூர் ஆஃப் நீலகிரிஸ் சைக்கிள் பயணத்தில் இந்த ஏற்றம்தான் எல்லாரும் அஞ்சிக் காத்திருக்கும் பகுதி. இங்கே நந்தியின் மூன்று பங்குக் கணக்கும் பொருந்தாது. 36 வளைவுகளில் முதல் இருபதை, வேண்டுமென்றே மந்தமாக ஓட்டுகிறோம் என்ற உணர்வோடு கடந்தால்தான் மிச்சமுள்ள பதினாறுக்குக் கால்கள் இருக்கும். நடந்து ஏற நேர்ந்தால் வெட்கப்படாதீர்கள். அந்தச் சரிவில் ஓட்டுகிறவருக்கும் நடக்கிறவருக்கும் வேக வித்தியாசம் அதிகமில்லை.

அங்கே தனியாகப் போக வேண்டாம். மசினகுடியைச் சுற்றியுள்ளது யானைகள் நடமாடும் காடு. குண்டலுபேட்டையிலிருந்து பந்திப்பூர் வழியாகச் செல்லும் சாலை இரவு 9 மணி முதல் காலை 6 மணி வரை மூடப்பட்டிருக்கும். காட்டுப் பகுதியைக் காரில் கடந்து, சைக்கிளை மசினகுடியில் இறக்குங்கள். வெயில் ஏறிய பிறகு, வனத்துறைச் சாவடியில் கேட்டுக்கொண்டு ஏறத் தொடங்குங்கள். அதே வழியில் இறங்க நினைக்காமல், ஊட்டியிலிருந்து திரும்புவதற்கு ஒரு வண்டியை முன்னதாகவே ஏற்பாடு செய்துவிடுங்கள்.